குளமும் நீச்சல் குளமும்: மகத், மோரீ என்ற இரண்டு சிறுநகரங்கள்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளாட்சி அமைப்புகளும் குடிநீரும் பற்றி ஆய்வு செய்கிறேன் என்று சொன்னால், "அதில் ஆய்வு செய்ய என்ன இருக்கிறது?" என்று நண்பர்கள் கேட்பார்கள். இன்று ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு இரண்டு ஊர்களை வைத்துப் பதில் சொல்லப் பார்க்கிறேன். ஒன்று மகாராஷ்டிரத்தின் கொங்கண் பகுதியில் இருக்கும் மகத். மற்றொன்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருக்கும் மோரீ. மகத்தில் நண்பகல் 12 மணி ஆகும்போது மோரீயின் வழக்கமான நேரப்படி மாலை 4.30. இரண்டும் பெரிய ஊர்கள் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மகத் நகராட்சியில் 30,000 பேர்கூட இல்லை. மோரீ நகரில் இன்றும் 10,000-க்கும் குறைவானவர்களே வாழ்கிறார்கள். சுற்றிலும் வயல், நடுவில் ஒரு கடைத்தெரு, ஒரு நகராட்சி அலுவலகம், பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் ஒரு நீர்நிலை. இரண்டு ஊர்களும் வரலாற்றில் இடம்பிடித்தது அந்த நீர்நிலையால்தான்.

சாதியையும் இனவெறியையும் ஒப்பிடலாமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கருத்தரங்குகளில் பத்து ஆண்டுகளாக எனக்குச் சலிக்காமல் வரும் கேள்வி இது. 1927 டிசம்பரில் மகத்தில் கூடிய மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் தன் முன் இருந்த மக்களுக்கு எதை உதாரணம் காட்டினார் தெரியுமா? 1789-இல் வெர்சாய் நகரில் கூடிய பிரெஞ்சு தேசிய சபையை. கொங்கண் கிராமங்களிலிருந்து நடந்து வந்த மகர் மக்களிடம், உங்கள் மாநாட்டைப் பிரான்சு நாட்டின் அந்தச் சபையோடு சேர்த்துப் பாருங்கள் என்றார். இரண்டும் ஒன்று என்று அவர் சொல்லவில்லை. தன் மக்கள் செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அளந்து காட்ட அவருக்கு இன்னொரு ஊர் தேவைப்பட்டது. நானும் அந்த வழியிலேயே போகிறேன். வேறுபடும் இடங்களில் வேறுபாட்டையும் சொல்கிறேன்.

முதலில் மகத். மும்பையிலிருந்து தெற்கே சுமார் 170 கிலோமீட்டர், சாவித்திரி ஆற்றங்கரை. ராய்கட் கோட்டைக்குப் பக்கம். அப்போது அது கொலாபா மாவட்டம். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் அதுதான் சந்தை, கச்சேரி, பள்ளிக்கூடம். விற்கவும் வாங்கவும் மகர் மக்கள் அங்கே வந்தாக வேண்டும். வந்தால் குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஊருக்கு நடுவே சவுதார் குளம் இருந்தது. முஸ்லிம்கள் அதில் தண்ணீர் எடுக்கலாம். கால்நடைகள் குடிக்கலாம். மகர்கள் தொடக்கூடாது. சந்தைக்கு வரும் தம் மக்களின் தாகத்துக்காகவே மகத்தில் ஒரு தேநீர்க் கடையைத் திறக்க வைத்தவர்களில் ஒருவர் ஆர். பி. மோரே. பக்கத்து ஊரான தாஸ்காவ்ன்காரர். சிறுவனாக இருந்தபோது மகத் பள்ளியில் சேர்க்க மறுக்கப்பட்டவர். 1927 மாநாட்டுக்கு ஓடியாடி வேலை செய்தவர்களில் முக்கியமானவர். பின்னாளில் கம்யூனிஸ்ட் ஆனார். அம்பேத்கர் மகத்துக்கு வருவதற்கு முன்பே அந்த ஊரில் ஒரு தேநீர்க் கடை அரசியல் பேசிக்கொண்டிருந்தது. இதை மறந்துவிடக் கூடாது.

1923 ஆகஸ்டில் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ். கே. போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப் பணத்தில் கட்டப்பட்ட, பராமரிக்கப்படும் நீர்நிலைகள், கிணறுகள், சத்திரங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள் எல்லாவற்றையும் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம் என்றது அது. மறு ஆண்டே சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அதே திசையில் பொதுச் சாலை, கிணறு, குளம் பற்றித் தீர்மானம் கொண்டுவந்ததை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். 1924-இல் மகத் நகராட்சியும், சவுதார் குளத்தைத் தீண்டப்படாதோர் பயன்படுத்துவதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் திறந்துவிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் இறங்கவில்லை. தீர்மானம் இருந்தது, போய் எடுத்தால் அடி விழும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1927 மார்ச் 19, 20 தேதிகளில் கொலாபா மாவட்ட மாநாடு நடந்தது. மாநாட்டுக்கு வந்தவர்கள் குடிப்பதற்கான தண்ணீரையே 40 ரூபாய் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. ஊரின் நடுவே குளம் நிறையத் தண்ணீர் இருக்கிறது, பந்தலில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் விலைக்கு வருகிறது. மார்ச் 20 அன்று ஊர்வலமாகச் சென்று குளத்தில் இறங்கித் தண்ணீர் அருந்தினார்கள். சட்டப்படி மூன்று ஆண்டுகளாகத் தங்களுக்கு உரியதாக இருந்த தண்ணீர் அது.

அடுத்து வீரேஸ்வரர் கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. சாதி இந்துக்கள் தடிகளோடு திரண்டார்கள். பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களையும், ஊருக்குத் திரும்பத் தயாராகிக்கொண்டிருந்தவர்களையும் அடித்தார்கள். பலர் முஸ்லிம் வீடுகளில் தஞ்சம் புகுந்தார்கள். திருப்பி அடிக்கக் கூடிய பலம் அந்தக் கூட்டத்துக்கு இருந்தது. ராணுவத்தில் இருந்து திரும்பியவர்களும் அதில் இருந்தார்கள். அம்பேத்கர் அவர்களைத் தடுத்தார். தாக்கியவர்களில் ஐந்து பேருக்குப் பின்னர் நான்கு மாதக் கடுங்காவல் கிடைத்தது. குளத்துக்கு என்ன ஆயிற்று? 108 குடங்களில் சாணம், கோமியம், பால், தயிர் கலந்து ஊற்றித் 'தூய்மை' செய்தார்கள். நாம் குடித்த தண்ணீர் தீட்டு, சாணி கரைத்த தண்ணீர் சுத்தம்.

1927 ஆகஸ்ட் 4 அன்று மகத் நகராட்சி தன் 1924 தீர்மானத்தை ரத்து செய்தது. யாரும் பயன்படுத்தாதவரை அந்தத் தீர்மானம் யாரையும் உறுத்தவில்லை. ஒரு நாள் பயன்படுத்தியதும் நான்கரை மாதத்தில் அதைக் கிழித்துப் போட்டார்கள். நமக்குச் சாதகமாக இருக்கும் எத்தனையோ அரசாணைகள் இன்றும் பத்திரமாக இருப்பதற்குக் காரணம், நாம் அவற்றை இன்னும் பயன்படுத்திப் பார்க்காததுதான்.

மீண்டும் டிசம்பரில் மாநாடு. இடம் தர ஊரில் இந்துக்கள் யாரும் முன்வரவில்லை. ஃபத்தேகான் என்ற முஸ்லிம் தன் நிலத்தைக் கொடுத்தார். அதற்குள் சாதி இந்துக்கள் நீதிமன்றம் போய்த் தற்காலிகத் தடை வாங்கிவிட்டார்கள். டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. தடையை மீறுவதில்லை என்று முடிவெடுத்து, குளத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். வழக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குளம் நகராட்சிக்குச் சொந்தம், தீண்டப்படாதோரை விலக்கும் வழக்கம் நினைவுக்கெட்டாத காலம் தொட்டு இருந்து வந்தது என்பதைச் சாதி இந்துக்கள் நிரூபிக்கவில்லை என்றது. காலங்காலமாக இப்படித்தான் என்று சொல்பவர்களிடம் ஒரு நீதிமன்றம் ஆதாரம் கேட்டது. அவர்களிடம் இல்லை.

இனி மோரீக்கு வருவோம். சிட்னியிலிருந்து வடமேற்கே 600 கிலோமீட்டருக்கு மேல். கமிலராய் மக்களின் நிலம். கம்பளி, கோதுமை, பின்னர் பருத்தி என்று வளர்ந்த ஊர். 1895-இல் பாசனத்துக்காக அங்கே ஆழ்துளைக் கிணறு தோண்டினார்கள். பூமிக்கடியிலிருந்து வெந்நீர் பீறிட்டு வந்தது. பாசனத்தைவிடக் குளிப்பதற்கே அது பேர் பெற்றது. நகராட்சியின் குளியல் குளமும் நீச்சல் குளமும் ஊரின் பெருமை ஆயின. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் நீச்சல் குளம் என்பது பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பகுதியின் மண்ணில் ரத்தம் இருக்கிறது. 1838 ஜூன் 10 அன்று மயால் கிரீக் என்ற இடத்தில் கமிலராய் இனத்தைச் சேர்ந்த குறைந்தது 28 பேரை, பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும், வெள்ளையர் பண்ணைகளில் வேலை செய்த ஆட்கள் வெட்டிக் கொன்றார்கள். ஏழு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படித் தண்டனை கிடைத்ததே அபூர்வம். நிலத்தை இழந்த மக்கள் பின்னாளில் ஊருக்கு வெளியே 'மிஷன்' என்று அழைக்கப்பட்ட குடியிருப்புகளில் வாழ வைக்கப்பட்டார்கள். ஊர் ஒரு பக்கம், மிஷன் ஒரு பக்கம். ஊரும் சேரியும் என்று படித்து வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள அகராதி வேண்டாம்.

1955-இல் மோரீ நகர்மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. பூர்வகுடி மக்களும், பூர்வகுடி ரத்தக் கலப்பு உள்ளவராகத் தோன்றும் எவரும், நகராட்சியின் குளியல் குளத்தையோ நினைவு மண்டபத்தையோ பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். பள்ளிக்கூடத்தோடு வந்தால் மட்டும் பூர்வகுடிப் பிள்ளைகள் நீந்தலாம். பள்ளி நேரம் முடிந்ததும் வெளியேற வேண்டும். வெள்ளைப் பிள்ளைகள் தொடர்ந்து விளையாடுவார்கள். தடைக்குச் சொல்லப்பட்ட நியாயம் சுகாதாரம். பகல் முழுக்கச் சுத்தமாக இருந்த உடம்பு, பள்ளி மணி அடித்ததும் எப்படி அழுக்காகும் என்று அந்த நகர்மன்றத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தீட்டுக்குத் தர்க்கம் தேவைப்படாது. மகத்தில் தேவைப்படவில்லை, மோரீயிலும் தேவைப்படவில்லை.

அந்த ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். அதே 1955-இல்தான் இந்திய நாடாளுமன்றம் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தை இயற்றியது. ஒரு நாடு தீண்டாமையைக் குற்றம் என்று எழுதிய ஆண்டில், இன்னொரு நாட்டின் சிறுநகரம் தீண்டாமையை விதி என்று எழுதியது. பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து அப்போது 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. மேற்கு முன்னே போகிறது, நாம் பின்னால் போகிறோம் என்று ஒரு கதை நம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். மகத் மக்கள் குளத்தில் இறங்கியது 1927. மோரீ குளத்தின் வாசலில் போராட்டம் நடந்தது 1965. 38 ஆண்டுகள். அடிமைப்பட்டிருந்த ஒரு நாட்டின் தீண்டப்படாத மக்கள், பொதுச் சொத்து என்றால் என்ன என்ற பாடத்தை அவ்வளவு காலம் முன்னதாகவே நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

மோரீயில் என்ன நடந்தது? 1964-இல் சிட்னிப் பல்கலைக்கழக மாணவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு ஆதரவாக அமெரிக்கத் துணைத் தூதரகம் முன் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தை முதலில் பாருங்கள் என்ற விமர்சனம் வந்தது. நியாயமான விமர்சனம். அதை ஏற்று, பூர்வகுடி மக்களுக்கான மாணவர் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். தலைவர் சார்லஸ் பெர்கின்ஸ். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பிறந்த அரெண்டே பூர்வகுடியைச் சேர்ந்தவர், கால்பந்து வீரர், அந்தப் பல்கலைக்கழகத்தில் அப்போது படித்த விரல்விட்டு எண்ணக்கூடிய பூர்வகுடி மாணவர்களில் ஒருவர். 1965 பிப்ரவரி 12 அன்று சுமார் 30 மாணவர்கள் ஒரு பேருந்தில் கிளம்பினார்கள். 1961-இல் அமெரிக்காவில் நடந்த பயணத்தின் பெயரையே தங்கள் பயணத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள்: விடுதலைப் பயணம்.

வால்கெட் என்ற ஊரில் முன்னாள் ராணுவத்தினர் மன்றம், நாட்டுக்காகப் போரிட்ட பூர்வகுடி வீரர்களையே உள்ளே விடவில்லை. அங்கே மறியல் செய்தார்கள். ஊரை விட்டுக் கிளம்பிய பேருந்தை இரவில் ஒரு வண்டி இடித்துச் சாலையிலிருந்து தள்ளியது. அடுத்து மோரீ. மிஷனிலிருந்து பூர்வகுடிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குளத்துக்குப் போனார்கள். பிப்ரவரி 20 அன்று வாசலில் நூற்றுக்கணக்கான வெள்ளையர்கள் கூடினார்கள். முட்டையும் தக்காளியும் பறந்தன. மணிக்கணக்கில் மோதல். தீர்மானத்தை ரத்து செய்ய நடவடிக்கை எடுப்பதாக மேயர் ஒப்புக்கொண்ட பிறகே மாணவர்கள் கிளம்பினார்கள். இழுபறிக்குப் பிறகு தடை போயிற்று. 1967 மே 27 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் பூர்வகுடி மக்களை நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் சேர்ப்பதற்கும், அவர்களுக்காக மத்திய நாடாளுமன்றம் சட்டம் இயற்றுவதற்கும் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஆதரவாக வாக்களித்தார்கள். அந்த மனநிலையை உருவாக்கியதில் அந்தப் பேருந்துக்கும் பங்கு உண்டு என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பேருந்தில் இருந்த ஆன் கர்தாய்ஸ் பின்னாளில் வரலாற்றுப் பேராசிரியராகி, அந்தப் பயணத்தைப் பற்றி 2002-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

சரி, இப்போது இரண்டு ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, இரண்டும் சிறுநகரங்கள் என்பது தற்செயல் இல்லை. கிராமத்தைப் பற்றி அம்பேத்கர் எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்று நமக்குத் தெரியும். நகரத்துக்குப் போங்கள் என்றார். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சிறுநகரத்தைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. சிறுநகரத்தில் கிராமத்தின் கண் இருக்கிறது, நகரத்தின் காகிதமும் இருக்கிறது. யார் எந்தத் தெரு என்று எல்லோருக்கும் தெரியும். அதே நேரம் தீர்மானம், முத்திரை, ரசீது, குத்தகை ஏலம் எல்லாம் உண்டு. கடைக்காரர், கவுன்சிலர், ஒப்பந்ததாரர், நிலக்காரர் எல்லோரும் இரண்டு மூன்று குடும்பங்களுக்குள் அடங்கிவிடுவார்கள். கிராமத்தில் பண்ணையார் வாய்வார்த்தையாகச் சொல்வதைச் சிறுநகரத்தில் அவருடைய மருமகன் தீர்மானமாக எழுதுவார்.

இரண்டாவது, எழுதியது எது, எழுதாதது எது என்ற வேறுபாடு. மோரீயில் தடை எழுதப்பட்டிருந்தது. அதனால் எதை எதிர்ப்பது என்று தெளிவாக இருந்தது: அந்த வரியை நீக்கு. மகத்தில் அனுமதிதான் எழுதப்பட்டிருந்தது. தடை எங்கும் எழுதப்படவில்லை. அது ஊரின் கைகளில், தடிகளில் இருந்தது. எழுதிய தடையை ஒரு நாள் போராட்டம் அசைக்கும். எழுதாத தடையை அசைக்க, 1927-இல் ஒரு கூட்டம் தன் உடம்பைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் நீதிமன்றத்தில் ஒன்பது ஆண்டுகள் நிற்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, வாசலில் நிற்பவர் நம்மை எப்படி அடையாளம் காண்கிறார்? பூர்வகுடி ரத்தம் உள்ளவராகத் 'தோன்றும்' எவரும் என்று மோரீ தீர்மானம் சொன்னது. அப்படியென்றால் சீட்டுக் கொடுக்கும் ஊழியர் முகத்தைப் பார்த்து முடிவு செய்வார். நம் ஊரில் முகம் போதாது. அதனால் கேள்வி வேண்டும். நான் வளர்ந்தது ஒரு பேரூராட்சியில். சின்ன வயதில் கடைத்தெருவில் யாராவது பெரியவர் அன்பாகக் கேட்பார்: "எந்தத் தெரும்மா நீ?" தெருவின் பெயரைச் சொன்னதும் அவர் முகத்தில் ஏற்படும் அந்தச் சின்ன மாற்றத்தை இங்கே இருக்கும் பலரும் பார்த்திருப்பீர்கள். தெருவின் பெயர் மாறினாலும், நகர் என்று ஆனாலும், தலைவர் பெயர் வைத்தாலும், அடுத்த கேள்வி வரும்: "அது எந்தப் பக்கம்?"

நான்காவது, யார் வந்தார்கள், யார் தங்கினார்கள். மோரீக்குப் பேருந்து வெளியிலிருந்து வந்தது. பெரும்பாலும் வெள்ளை மாணவர்கள்; தலைமை ஒரு பூர்வகுடி மாணவர். செய்தியாளர்கள் வந்தார்கள், நாடு முழுக்கத் தெரிந்தது. அதன் பலனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பேருந்து கிளம்பிய பிறகு அந்தப் பிள்ளைகள் அதே ஊரில், அதே வெள்ளைக்காரக் கடைக்காரர்களோடு வாழ வேண்டியிருந்தது. 1982-இல் அதே மோரீயில் ஒரு பூர்வகுடி இளைஞர் வெள்ளையர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். நீச்சல் குளம் திறந்து அப்போது 17 ஆண்டுகள். மகத்தில் வந்தவர்களும் தங்கியவர்களும் ஒரே மக்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த அவர்கள் அதே கிராமங்களுக்கே திரும்பிப் போனார்கள். செத்த மாட்டைத் தூக்க மாட்டோம், ஊர்ச்சோறு வாங்க மாட்டோம் என்று அங்கே போய்ச் சொன்னார்கள். அதற்கான விலையையும் அங்கேயே கொடுத்தார்கள். வெளியிலிருந்து வரும் ஆதரவு வேண்டும். சித்ரேயும் சஹஸ்ரபுத்தேயும் திப்னிஸும் மகத்தில் அம்பேத்கரோடு நின்ற சாதி இந்துக்கள்தான். மனுஸ்மிருதி எரிப்புத் தீர்மானத்தை முன்மொழிந்த சஹஸ்ரபுத்தே ஒரு பார்ப்பனர். ஆனால் போராட்டத்தின் எலும்பு உள்ளூரில் இருந்தது. அந்தத் தேநீர்க் கடையில் இருந்தது.

ஐந்தாவது வேறுபாடு பெரியது. மோரீயில் குளம் என்பது கேள்வியின் ஓர் ஓரம்தான். அடியில் இருந்தது நிலம். அந்த ஊர் நிற்பதே பறிக்கப்பட்ட நிலத்தில். குளத்துக்குள் விட்டாயா என்பதோடு, என் நிலத்தில் குளம் வெட்டி எனக்கே சீட்டுக் கேட்கிறாயே என்பதும் சேர்ந்த கேள்வி அது. சாதியில் நம்மை விரட்டிவிட்டு ஊர் வாழ முடியாது. நம் உழைப்பு வேண்டும், நம் தொடுகை கூடாது. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுமே புரியாமல் போகும்.

இதுவரை எழுதிய தடை, எழுதாத தடை என்று இரண்டைப் பார்த்தோம். என் ஆய்வு எனக்குக் காட்டியது மூன்றாவது ஒன்று. எங்கள் பகுதிப் பேரூராட்சி ஒன்றின் பழைய தீர்மானப் புத்தகங்களைப் படித்தேன். பெயர் வேண்டாம், எல்லாப் பேரூராட்சிகளுக்கும் பொருந்தும். சாதி என்ற சொல்லை நான் எதிர்பார்த்தது போல எங்கும் காணோம். திரும்பத் திரும்ப வந்தது வேறொரு சொல்: 'தனி'. காலனிக்குத் தனிக் குடிநீர்த் தொட்டி அமைத்தல். காலனிக்குத் தனிக் குழாய் இணைப்பு. தனி மயானப் பாதை. தனிச் சமுதாயக் கூடம். ஒவ்வொன்றும் நலத்திட்டமாக, பெருமையோடு, ஏகமனதாக நிறைவேறியிருக்கிறது. யாரையும் தடுக்கவில்லை. யாரையும் அனுமதிக்கவும் இல்லை. இரண்டு தண்ணீர் ஒன்றையொன்று சந்திக்காதபடி குழாய் போட்டுவிட்டார்கள். 1955-இல் மோரீ கவுன்சிலர்களுக்கு இந்த வித்தை தெரிந்திருந்தால், மிஷனில் ஒரு சின்ன நீச்சல் குளம் கட்டித் திறப்பு விழாவும் நடத்தியிருப்பார்கள்.

இது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. குழந்தைகள் நோயுற்றபோதுதான் வெளியே தெரிந்தது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர் அங்கே தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையையும், கோயிலுக்குள் பட்டியலின மக்களை விடாததையும் கண்டார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அதே பட்டியலினத்தைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றம் சாட்டியது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. வழக்கைப் பற்றி நீதிமன்றம் பேசட்டும். நான் கேட்பது தொட்டியைப் பற்றி. ஊருக்கெல்லாம் ஒரே தொட்டி என்றால், அதில் மலம் கலப்பவர் ஊர் முழுவதற்கும் கலக்க வேண்டும். தனித் தொட்டி என்பது, யாருடைய தண்ணீர் இது என்று வானத்தில் எழுதி வைத்த முகவரி. 1927-இல் குடித்துவிட்டுப் போன பிறகு சாணியைக் கரைத்தார்கள். அது பொதுக் குளம் என்பதால் 'தூய்மை' என்று பெயர் வைத்து அதையும் தாங்களே குடித்தார்கள். இன்று அந்தச் சிரமமும் அவர்களுக்கு இல்லை.

'நமக்கென்று ஒரு தொட்டியாவது கிடைத்ததே' என்று எங்கள் ஆட்களே சொல்வார்கள். தண்ணீர் தூக்கி இடுப்பொடிந்த பெண்களிடம் போய்க் கொள்கை பேச எனக்குத் தைரியம் இல்லை. தொட்டி வந்த நாளில் அவர்களுக்கு இரண்டு மணி நேரம் மிச்சமானது. அது உண்மை. தொட்டியை வாங்கிக்கொள்வோம். அது தனித் தொட்டியாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது யார் என்ற கேள்வியைக் கைவிடாமல் வாங்கிக்கொள்வோம். அம்பேத்கர் மகத்துக்கு வந்தபோது மகர்களுக்கென்று தனியாக ஒரு நல்ல குளம் வெட்டிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். நகராட்சி மகிழ்ச்சியோடு கொடுத்திருக்கும். மனுஸ்மிருதியும் எரிந்திருக்காது. சவுதார் தண்ணீரைக் குடித்தால் நாம் அமரர்களாகிவிட மாட்டோம், நாமும் மனிதர்கள் என்று நிறுவவே அங்கே போகிறோம் என்ற பொருளில் அவர் பேசியது இதனால்தான். தாகம் தீர்ப்பதற்கு 40 ரூபாய் போதுமே.

மோரீயின் அந்தக் குளியல் குளமும் நீச்சல் குளமும் 2013-இல் ஆஸ்திரேலியாவின் தேசிய மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2015-இல் அந்தப் பேருந்தில் போன பழைய மாணவர்கள், தலை நரைத்த நிலையில், மீண்டும் பேருந்தில் மோரீக்குப் போனார்கள். தான் செய்த அநியாயத்தை ஒரு நாடு தன் மரபுப் பட்டியலில் எழுதி வைத்துக்கொள்வது சின்ன விஷயம் இல்லை. மகத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 20 அன்று மக்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். போகிறவர்கள் பெரும்பாலும் நம் மக்கள்தான். அந்தக் குளத்தில் சாணி கரைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த நாளைத் தங்கள் வரலாறாகவும் நினைவுகூரும் நாள் இன்னும் வரவில்லை.

கடைசியாக ஒரு வேலை கொடுத்துவிட்டு முடிக்கிறேன். இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் சிறுநகரங்களிலிருந்து வந்தவர்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, உங்கள் பேரூராட்சியின் அல்லது நகராட்சியின் தீர்மானப் பதிவேட்டைப் பார்வையிட, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடுங்கள். பதிவேட்டை நேரில் உட்கார்ந்து படிக்கும் உரிமை அந்தச் சட்டத்தில் இருக்கிறது. 'தனி' என்ற சொல் வரும் ஒவ்வொரு தீர்மானத்தையும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், எந்தத் தெருவில் குழாய் முடிகிறது என்று பாருங்கள். பிறகு அந்தத் தெருப் பெண்களோடு உட்கார்ந்து பேசுங்கள். பகுதி சபா கூடும்போது, அடுத்த தொட்டி இரண்டு தெருவுக்கும் பொதுவாக வரட்டும் என்று ஒரே ஒரு கோரிக்கையை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். அதை எதிர்ப்பவர் என்ன காரணம் சொல்கிறார் என்று பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். எழுதாத தடையை அவர்கள் கையாலேயே எழுத வைப்போம். எழுதிய தடையை நீக்கத்தான் நமக்குச் சட்டம் இருக்கிறதே.